தாத்தா ஜீப்புக்கு முதலில் பிரேக், பெயின்ட் அப்புறம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவர், வீட்டு ஓரத்தில் நிற்கும் பழைய ஜீப்பை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள், அதில் உள்ள நம்பரும் சேசிஸில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்தால் எடைக்குப் போடும் பேச்சையே விடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன, அதில் பெரும்பாலானவை பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே இருந்து! ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இத்தனை ஜீப் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது என்பதே எனக்குச் செய்திதான். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத இடமில்லை, ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் நைனா துறைமுகத்தில் கான்ட்ராக்ட் எடுத்திருந்த காலத்தில், 1970-களில் வாங்கிய மகிந்திரா பெட்ரோல் ஜீப். பானெட் உயரமாக இருக்கும். அவர் போனபிறகு யாரும் எடுக்கவில்லை, சந்திலேயே நிற்கிறது. இப்போது என் மகன் காலேஜ் முடித்துவிட்டு, தாத்தா ஜீப்பை நான் ஓட்டுவேன் என்று நிற்கிறான். பெயின்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கித் தருகிறேன், 2 லட்சம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: கொடுக்காதீர்கள். பெயின்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருடைய முறை கடைசியில் வரும், அவ்வளவுதான். உயரமான பானெட் என்கிறீர்களே, அது சி.ஜே. 3பி என்ற மாடலாக இருக்கும். மகிந்திரா 1947-லேயே வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கிவிட்டது. 1953-ல் அமெரிக்காவில் வில்லிஸ் புது இன்ஜினைப் போட்டபோது, அதில் இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் என்று ஆனதால் இன்ஜின் உயரம் கூடிவிட்டது, பழைய பானெட் மூடவில்லை, அதனால் பானெட்டையே தூக்கிவிட்டார்கள். அந்த உருவத்தைத்தான் மகிந்திரா பல பத்தாண்டுகள் இங்கே செய்து விற்றது. ஆகவே உங்களிடம் இருப்பது அபூர்வ வண்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அபூர்வம் இல்லை என்பதுதான் உங்களுக்கு நல்லது, ஸ்பேர் கிடைக்கும்.

இன்ஜினுக்கு வருவோம். பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்று பையன் துடிப்பான், விடாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யும் யோசனையும் வேண்டாம். இத்தனை வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டியிருக்கலாம், வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் முன்னாலிருந்து ஹேண்டில் போட்டுக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள், சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுற்றாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும், அடிக்க வேண்டாம். பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் வாடை அடிக்கும் பிசின், அதை இறக்கி டேங்கைக் கழுவாமல் ஒரு சொட்டுகூட கார்பரேட்டருக்கு விடாதீர்கள்.

இன்ஜின் ஓடுவது நான்காவது ஐந்தாவது வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வேலை பிரேக். இந்த ஜீப்பில் பிரேக் ஆயில் லைன் ஒன்றே ஒன்றுதான். இப்போதைய கார்களில் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் பிடிக்கும், இதில் ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், மிதி தரையைத் தொடும். மின்ட் பக்கம் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது அப்படி ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிதாகப் போடுங்கள். மெக்கானிக்குகள் சிலர் வளைக்கச் சுலபம் என்று வெறும் செம்புக் குழாயைப் பிரேக் லைனாகப் போடுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அதிர்வில் செம்பு இறுகி ஒரு நாள் விரிசல் விடும், இரும்புக் குழாய்தான் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது, கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போதே ஒரு கண்டம் இருக்கிறது. ஸ்பேனர் போட்டு ஏறி நின்று மிதித்தும் நட்டு அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். ஒரு வயர் பிரஷ் எடுத்து ஸ்டட்டின் முனையைத் தேய்த்துப் பாருங்கள், துருவும் பழைய கிரீஸும் போனபிறகு சின்னதாக ‘எல்’ என்று குத்தியிருப்பது தெரியும். இந்த ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை. ஓடும்போது நட்டு தானாகக் கழலக் கூடாது என்று அப்படி வைத்தார்கள். அதைக் கழற்றக் கடிகாரம் சுற்றும் திசையில் திருக வேண்டும். இது தெரியாமல் பஞ்சர் கடையில் பைப் போட்டு நெம்பி ஸ்டட்டை முறித்த கதைகள் ஊர் முழுக்க உண்டு. பையனிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள், உங்கள் நைனாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பிரேக்குக்கு அப்புறம் ஸ்டியரிங். 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் உதற ஆரம்பித்தால் எல்லாரும் அலைன்மென்ட் என்பார்கள். பெரும்பாலும் கிங்பின் பேரிங் (முன்சக்கரம் திரும்பும் முட்டியில் இருப்பது) தேய்ந்திருக்கும், அல்லது இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் முனைகள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கையிலேயே தெரியும். அப்புறம் ஒயரிங். அந்தக் காலத்து ஒயரின் உறை உதிர்ந்திருக்கும், எலி மீதியைத் தின்றிருக்கும். பழையதில் ஒட்டுப் போடாமல் மொத்தமாகப் புது ஒயர் இழுத்து ஃபியூஸ் பாக்ஸ் ஒன்று வையுங்கள். நெருக்கமான சந்தில் நிறுத்தும் வண்டி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது உடம்பு. ராயபுரத்தில் கடல் எத்தனை தூரம்? உப்புக் காற்று தகட்டை வெளியிலிருந்து தின்பதைவிட உள்ளேயிருந்து தின்பதுதான் அதிகம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே படுத்துப் பாருங்கள். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடம், பின் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம், பாடி சேசிஸில் உட்காரும் இடங்கள், சீட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் மூலை எல்லாவற்றிலும் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே தகடு இல்லை, பெயின்ட்தான் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு காந்தத்தை ஓட்டினால், ஒட்டாத இடமெல்லாம் யாரோ எப்போதோ பட்டி பூசிய இடம். டிங்கரிங் செய்பவர் துருவுக்கு மேல் பட்டி இழுத்தால் ஒரே மழையில் கொப்புளம் வரும். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து 18 கேஜுக்குக் குறையாத தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். கேஜ் நம்பர் கூடினால் தகடு மெலிசு, அதனால் 22 கேஜ் இன்னும் பெரிய நம்பர் சார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேறு கடை பாருங்கள். சேசிஸின் மூடிய பகுதிகளுக்குள் துருத் தடுப்பு மெழுகு அடிக்கலாம். பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு, எனக்குப் பிடிக்காது, ஒழுகி ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், வண்டி நிற்கும் சந்தின் தரையையும் கெடுக்கும்.

இத்தனையும் முடிந்தபிறகு அந்தப் பெயின்டரைக் கூப்பிடுங்கள். அப்போதும் ஷோரூம் பளபளப்பு வேண்டாம் என்பேன். டேஷ்போர்டில் கியர் எந்தப் பக்கம் விழும் என்று காட்டும் சின்னத் தகடு இருக்கும், அதை பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். நைனா கை பட்டுத் தேய்ந்த கியர் குமிழ் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். புதுக் குமிழ் புதுப்பேட்டையில் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஓட ஆரம்பித்தபிறகு வாராவாரம் ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை 5 நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதைப் பராமரிப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. இன்ஜின் சூடாகாமலே நின்றால் உள்ளே ஈரம் கோத்து ஆயிலோடு கலக்கும், சைலன்சர் உள்ளிருந்தே அரித்துப்போகும், பேட்டரியும் சார்ஜ் ஏறாது. அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யாமல் விடுவது மேல்.

கேள்வி: ஜீப் இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர், ஒரு தம்பி வெளிநாட்டில். 1989-க்கு முந்தைய பழைய எழுத்து நம்பர். யார் பெயருக்கு மாற்றுவது, எப்படி? விண்டேஜ் வண்டி என்று பதிவு செய்தால் நல்லது என்கிறார்களே?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: சட்டப்படி உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊரில் யார் அந்த நேரத்தில் ஜீப்பை நினைக்கிறார்கள், சரி. தாமதமானாலும் வழி அதேதான். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., மற்ற வாரிசுகளின் சம்மதம், நடப்பு இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய நம்பர் கணினியில் ஏறியிருக்காது, அப்படியானால் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டுத் தம்பியின் சம்மதக் கடிதத்தை அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போதே நேரில் வாங்கி வைத்துவிடுங்கள், அது இல்லாமல் பாதியில் நின்றுபோகும் கேஸ்கள்தான் அதிகம்.

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. வண்டியைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள், பிரேக் பிடிக்காத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. டெல்லியில் கொண்டுவந்ததுபோல 15 ஆண்டானால் பெட்ரோல் வண்டி ரோட்டுக்கே வரக் கூடாது என்ற தடை இங்கே இல்லை, அந்தப் பயத்தைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கும் தரகர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

விண்டேஜ் விஷயம்: 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டியை அப்படிப் பதியலாம். ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர் வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டிகள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போகலாமே தவிர வழக்கமாக ரோட்டில் ஓட்டக் கூடாது. ஞாயிறு காலையில் குடும்பத்தோடு பழவேற்காடு போய்வர வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு போங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். பெயர் யாருக்கு என்பதில் சண்டை வேண்டாம், வண்டி யார் வீட்டில் நிற்கப்போகிறதோ, கை அழுக்காக யார் தயாரோ, அவர் பெயருக்கு. மற்ற இருவரும் வருடச் செலவில் எவ்வளவு போடுவார்கள் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றும்போதே நாமினி பெயரையும் சேர்க்க வசதி இருக்கிறது, சேர்த்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு இந்த அலைச்சல் குறையும்.

கேள்வி: பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் இன்ஜின் போட்டால் மைலேஜ் வருமே சார்?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 1,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்களா? பெட்ரோலில் லிட்டருக்கு 8 என்று வைத்தால் 125 லிட்டர், 100 ரூபாய் விலையில் 12,500 ரூபாய். டீசலில் 13 என்று வைத்தால் 77 லிட்டர், 92 ரூபாய் விலையில் சுமார் 7,100 ரூபாய். மிச்சம் 5,400. இதற்காக இன்ஜின் வாங்கி, மவுன்ட்டிங் வெட்டி, ரேடியேட்டர் மாற்றி, அந்த அதிர்வில் பாடி போல்ட்டுகளை வருஷம் முழுக்க முடுக்கிக்கொண்டு இருப்பீர்களா? 1980-களில் வாடகைக்கு ஓட்டியவர்கள் மாற்றினார்கள், அவர்களுக்குத் தினம் ஓட்டம் இருந்தது. அதோடு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்காமல் மாற்ற முடியாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. உங்கள் அப்பா காலத்திலேயே மாற்றி ஆர்.சி.யில் ஏறியிருந்தால் அது வேறு, அதை அப்படியே விடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் ஜீப்பை நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். முதல் கியர் போடும்போது கரகரவென்று சத்தம். இது பொம்பளைப் பிள்ளை ஓட்டும் வண்டி இல்லை என்று அண்ணன் கிண்டல் செய்கிறான். ஃபோர் வீல் போட்டு எண்ணூர் பீச் மணலில் ஓட்டிப் பழகலாமா?
(கல்லூரி மாணவி, பெரம்பூர்)

பதில்: அண்ணனை அதே முதல் கியரை உருளும் வண்டியில் போடச் சொல்லிப் பாரும்மா, அவனுக்கும் கரகரவென்றுதான் வரும். அந்தப் பழைய 3 கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ (பல் சேருமுன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாக நின்றபிறகு, கிளட்சை மிதித்து ஒரு நொடி பொறுத்துப் போட்டால் சத்தம் வராது. இரண்டுக்கும் மூன்றுக்கும் சின்க்ரோ உண்டு, அதிலும் சத்தம் வந்தால் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் கியர் பாக்ஸில் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறார் என்று கேள். ஜி.எல். 5 ஆயில் பித்தளையை அரிக்கும், கியர் பாக்ஸுக்கு 80W-90 ஜி.எல். 4 வேண்டும். ஜி.எல். 5-ஐ ஆக்ஸிலுக்கு ஊற்றலாம். இரண்டையும் ஒரே டின்னில் முடித்துவிடும் பழக்கம் நிறைய ஷெட்டுகளில் இருக்கிறது.

மூன்றில் ஓடிவிட்டு மறுபடி இரண்டுக்கு இறக்கும்போது, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, திரும்ப மிதித்து இரண்டைப் போட்டுப் பழகு. தாத்தாக்கள் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். கை வந்துவிட்டால் அப்புறம் அண்ணன்தான் உன்னிடம் கேட்பான்.

ஃபோர் வீல் விஷயத்தில் கவனம். இந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், எங்கேயாவது ஒரு கியர் பல் போகும், லிவரும் இறுகிக்கொண்டு வெளியே வராது. சேறு, மணல், மழையில் ஊறிய மண் ரோடு இதற்கு மட்டும்தான் போட வேண்டும். ஆனால் பீச் மணல் வேண்டாம். அங்கே கட்டுமரமும் வலையும் கிடக்கும், ஜனவரியிலிருந்து சில மாதங்கள் பங்குனி ஆமை முட்டையிடும் இடமும் அதுதான், போதாததற்கு உப்பு மணல் டிரம்முக்குள் போனால் பிரேக் லைனிங் காலி. ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோட்டம், வயல் வரப்பு ஏதாவது கிடைக்கும், அங்கே பழகு.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் ஜீப்பின் சீட் வரை வந்தது. கழுவி, இன்ஜின் ஆயில் மட்டும் மாற்றி ஓட்டினோம். இப்போது முன்சக்கரத்தில் ஹூம் என்று சத்தம், பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது.
(வாசகர், எண்ணூர்)

பதில்: அந்த வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் எண்ணெய்ப் படலம் வீட்டுச் சுவர் வரை படிந்ததை எல்லாரும் பார்த்தோம், வண்டிக்கு அது வெறும் தண்ணீரைவிடக் கெடுதல். இன்ஜின் ஆயில் மட்டும் மாற்றினால் போதாது. கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாவற்றிலும் தண்ணீர் போயிருக்கும். ஓடிச் சூடான ஆக்ஸில் சட்டென்று குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீத்தர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நின்ற வண்டியிலும் மணிக்கணக்கில் முங்கிக் கிடந்தால் சீல் வழியாகக் கசியும். டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஒரு தம்ளரில் பிடித்துப் பாருங்கள், பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உறுதி, வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஹூம் சத்தம் வீல் பேரிங். உருளைகளில் துருப் புள்ளி விழுந்திருக்கும், கிரீஸ் வைத்தாலும் போகாது, பேரிங்கை மாற்ற வேண்டியதுதான். முன்சக்கரம் திரும்பும் அந்தக் கோள முட்டிக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கேயும் பேரிங் இருக்கிறது, ஃபெல்ட் சீல் ஊறிப்போயிருக்கும்.

பிரேக் ஒரு பக்கம் இழுப்பது எண்ணெய் குடித்த லைனிங்கால் இருக்கலாம். பெட்ரோலில் கழுவி நெருப்பில் காட்டி மறுபடி மாட்டுவார்கள், ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் உள்ளே ஊறியது வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும். அடுத்த ஐப்பசி வருவதற்குள் ஆக்ஸில் பிரீத்தரில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுவந்து கட்டிவிடுங்கள், நூறு இருநூறு ரூபாய் செலவு. மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேடான ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், மேம்பாலத்தில் கார் நிறுத்தப் போட்டி வரும், ஜீப்புக்கு முந்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை டிராஃபிக்கில் மே மாதம் திடீரென்று நின்றுவிடுகிறது, அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது. கார்பரேட்டர் அடிக்கடி ஒழுகுகிறது. இப்போது வரும் எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?
(இரண்டு வாசகர்கள் கேட்டது)

பதில்: ஓரளவுக்கு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெட்ரோல் பங்க்குகளில். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் ஊதிப் பிசுபிசுக்கும், டேங்கில் படிந்த பழைய அழுக்கையும் கரைத்துக்கொண்டு வந்து ஜெட்டை அடைக்கும். ரப்பர் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், ஒரு நல்ல ஃபில்டர் வையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும் என்பதால் பல மாதம் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலை இறக்கிவிடுங்கள்.

மே மாதம் நிற்பது பெட்ரோல் லைனிலேயே ஆவியாவதால். லைன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போனால் கொஞ்சம் தள்ளி வளைத்துக் கட்டுங்கள். பம்ப்பில் ஈரத்துணி சுற்றும் அம்பாசடர் வைத்தியம் இதற்கும் வேலை செய்யும். அதோடு ரேடியேட்டரைப் பாருங்கள். போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றியிருந்தால் உப்புப் படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும். பித்தளை ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடைகள் இன்னும் இருக்கின்றன, செய்தபிறகு கூலன்டை மட்டும் ஊற்றுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட் இடைவெளி 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 30 தௌ, சிலிண்டர்கள் எரியும் ஃபயரிங் வரிசை 1-3-4-2, இதைப் பானெட்டுக்கு உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்தால் நடுரோட்டில் எந்த மெக்கானிக் வந்தாலும் உதவும்.

கேள்வி: மாமனார் ஜீப் என்று வீட்டுக்காரர் மாதாமாதம் பணத்தைக் கொட்டுகிறார். கேட்டால் உனக்கு என்ன தெரியும் என்கிறார். அதிலிருந்து அவரை மீட்க வழி உண்டா?
(வாசகி, காசிமேடு)

பதில்: மீட்க வேண்டாம்மா, கணக்கு நோட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வாங்கினார், என்ன விலை, எந்தக் கடை, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், எல்லாம் நீங்கள் எழுதுங்கள். மீன் ஏலத்தில் விலை கேட்டுப் பழகிய ஊர், பில்லைப் பார்த்தாலே எங்கே ஏமாந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு தொகை, அது தீர்ந்தால் அடுத்த மாதம் என்று வையுங்கள். பம்பரில் குரோம், எட்டு லைட், அகல டயர் என்று வந்தால் நிறுத்திவிடுங்கள், கிங்பின், பேரிங், பிரேக் என்று வந்தால் கொடுங்கள். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகி அவரே தோள் வலி என்று வந்து நிற்பார். உங்கள் பிள்ளைகளுக்கு நாளைக்கு வண்டி வரும்போது அந்த நோட்டும் சேர்ந்து வரட்டும், எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று தெரியாமல்தான் பாதிப் பணம் வீணாகிறது.

கேள்வி: மெக்கானிக் ஸ்பேர் கிடைக்கவில்லை என்கிறார். எங்கே தேடுவது?
(வாசகர், மாதவரம்)

பதில்: முதலில் புதுப்பேட்டை, அப்புறம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, இரண்டிலும் ஒரு சனிக்கிழமையைச் செலவழியுங்கள். கிடைக்காவிட்டால் தேனி, போடி பக்கம் போன் போட்டுப் பாருங்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு இடுக்கி மலை ஏறும் ஜீப்புகள் இன்றைக்கும் தினம் ஓடுவதால் அங்கே பட்டை, பேரிங், ஆக்ஸில் சாமான் சுழற்சியில் இருக்கிறது, கை தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார். ராணுவ ஜீப் சாமானுக்கு டெல்லி மாயாபுரி. டூப்ளிகேட் ஆயில் சீல், பிரேக் ரப்பர் கிட் மட்டும் எந்த ஊரிலும் வாங்காதீர்கள். மெக்கானிக்கை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கழுவிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் பெயர் சொன்னால் கடைக்காரர் தலையை ஆட்டுவார், பாகத்தைக் கையில் கொடுத்தால் வெர்னியர் வைத்து அளந்து உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வருவார். புதியது மாட்டி ஒரு மாதம் ஓடும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.